இன்னிக்கு அலை எவ்வளவு?

ரெண்டு வருஷமாக நான் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில், மீன் ஏலத்தில், கல்யாணப் பந்தியில். ஒரு தடவை துக்க வீட்டில்கூட ஆரம்பித்துவிட்டேன். என் வீட்டுக்காரி பின்னாலிருந்து கிள்ளித்தான் நிறுத்தினாள். "புதுசா கல்யாணம் ஆன பய மாதிரி போனப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு கெடக்குது" என்று அக்கம்பக்கம் பூராவும் சொல்லிவைத்திருக்கிறாள். சொல்லட்டும். ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் போன் 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுக்கும் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

விஷயம் வேறொன்றுமில்லை. என் போனில் இருக்கிற பிரஷர் ஆப்.

நான் காரைக்கால்மேட்டுக்காரன். காரைக்கால் கரையோர மீனவ ஊர்களுக்கெல்லாம் தலைக்கிராமம் எங்கள் ஊர். பதினைந்து வயதில் அப்பாவோடு கட்டுமரம் ஏறினேன். அப்புறம் விசைப்படகு. இப்போது மகனோடு ஃபைபர் போட். வயது 56. படித்தது எட்டாவது. காற்று வாடையா கொண்டலா, நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் உடம்புக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டிருந்தால், 54 வயது வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரியவந்தது ஒரு தடைக்காலத்தில். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். ஊரே கரையில் கிடக்கும். வலை பின்னுவோம், எஞ்சினைப் பிரித்துப் போடுவோம், சீட்டாடுவோம். மே 17 உலக உயர் ரத்த அழுத்த நாள். அது சரியாக இந்த 61 நாளுக்குள் வந்து விழுகிறது. வேறு மாதத்தில் வந்திருந்தால் எங்கள் ஊரில் முகாம் போட்டு ஒரு ஆம்பளையைப் பிடித்திருக்க முடியாது. அன்றைக்குச் சீட்டுக்கட்டோடு போய் உட்கார்ந்த என் கையில் பட்டையைச் சுற்றினார்கள். 178/104.

"மிஷின் கெட்டுப்போச்சு சிஸ்டர்" என்றேன்.

"மிஷின் நல்லாத்தாண்ணே இருக்கு" என்றார் அந்த நர்ஸ்.

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, போன மாதம் வரைக்கும் நங்கூரம் தூக்கியவன் நான். எனக்கு எப்படிப் பிரஷர் வரும்? அதுதான் இந்த நோயின் குணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வந்தது தெரியாமல் உட்கார்ந்திருக்கும். நம் நாட்டில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023ல் சொன்னது. சென்னையில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்துச் செய்த ஆய்வு. அப்படியென்றால் சீட்டாட உட்கார்ந்த ஆறு பேரில் ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரில் நான் ஒருவன்.

அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருந்தது. நீங்களே சொல்லுங்கள், எனக்குக் காலை என்பது எது? ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, கடுங்காப்பி குடித்து, மூணு மணிக்குப் போட்டைத் தள்ளுகிறவன் நான். ஒன்பது மணிக்குக் கரை ஏறினால் மீன் பிரிக்க வேண்டும், ஏலம் விட வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும். சாப்பிட உட்காரும்போது மணி பதினொன்று. அப்புறம் தூக்கம். அந்த 'காலை' என் நாளில் எங்கேயும் ஒட்டவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் போட்டேன். கணுக்கால் லேசாக வீங்கியது. விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. அப்புறம் ஒரு இடத்தில் காட்டப் போனபோது, "மாத்திரை போடலேன்னா பக்கவாதம் வந்து படுத்துக்குவீங்க, அப்ப வாங்க" என்று எரிந்து விழுந்தார்கள். அதோடு ஆறு மாதம் நான் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. பட்டையே வேண்டாம், கேமரா மேல் விரலை வைத்தால் போதும், பிரஷர் சொல்லிவிடும் என்று ஒரு ஆப்பை யாரோ போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். வைத்தேன். 118/76. எனக்குச் சொர்க்கம்! மறுபடி வைத்தேன், 120/78. பேரப்பிள்ளை விரலை வைத்தான், அவனுக்கும் கிட்டத்தட்ட அதேதான். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஐஸ் பெட்டியில் கிடந்த கொடுவா மீனின் வயிற்றில் போனை அழுத்திப் பிடித்தேன். 121/79. செத்து எட்டு மணி நேரம் ஆன மீனுக்கு என்ன அருமையான பிரஷர்! அன்றைக்கே அதை அழித்தேன். இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லையாம். இதே மாதிரி விரல் வைத்துப் பார்க்கிற, அமெரிக்காவில் விற்ற ஒரு ஆப்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2016ல் சோதித்திருக்கிறார்கள். நிஜமாகவே பிரஷர் ஏறியிருந்தவர்களில் ஐந்தில் கிட்டத்தட்ட நாலு பேருக்கு அது 'ஏறவில்லை' என்று சொல்லியிருக்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போன் பிரஷர் பார்க்காது. பட்டை கட்டுகிற மிஷின்தான் பார்க்கும். போன் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளை மீன் பிடிக்க மாட்டான். ஆனால் அவன் இல்லாவிட்டால் பிடித்த மீன் எங்கே போனது என்று தெரியாது.

கணக்குப்பிள்ளை எனக்கு வந்து சேர்ந்தது மகளால். தீபாவளிக்கு வந்தவள் ஒரு மிஷினும் வாங்கிவந்தாள், போனில் ஒரு இலவச ஆப்பையும் போட்டாள். ஆப்பின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இதே வேலையைச் செய்கிற ஆப் எத்தனையோ இருக்கிறது. எனக்கும் யாரும் கமிஷன் கொடுக்கவில்லை.

"யப்பா, மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர். மிஷின்ல வர்றத இதுல அடி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். என் விரலுக்கு அது அவ்வளவுதான் இல்லை. நாற்பது வருஷம் கயிறு இழுத்த கட்டைவிரல், கண்ணாடியில் வைத்தால் போனுக்கு அது விரல் என்றே தெரியவில்லை. தேய்த்தேன், தட்டினேன், திட்டினேன். கடைசியில் கயிறு அதிகம் படாத சுண்டுவிரலை நீட்டினேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் சுண்டுவிரலால்தான் என் பிரஷரை எழுதுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

முதல் வாரம் எண் எல்லாம் எக்கச்சக்கமாக வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மிஷினையே தூக்கிக்கொண்டு போனேன். அதே நர்ஸ். என் கையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், ஒரு டேப்பை எடுத்து மேல்கையைச் சுற்றி அளந்தார். 35 சென்டிமீட்டர். மிஷினோடு வந்த பட்டை 22லிருந்து 32 வரைக்குமான கைக்காம். "உங்க கை வலை இழுத்த கைண்ணே, இந்தப் பட்டை பத்தாது. சின்னப் பட்டைய இறுக்கிக் கட்டினா கூடத்தான் காட்டும்" என்றார். பெரிய பட்டை வாங்கினேன். எண் இறங்கியது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எங்கள் ஊரில் இருக்கிற அத்தனை பருத்த கைக்காரர்களையும் நான் துரத்தித் துரத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: மிஷின் வாங்கும் முன்னால் கையை அளங்கள்.

உட்காருகிற முறையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பார்ப்பதற்கு அரைமணி முன்னால் டீ, பீடி கிடையாது. ஒண்ணுக்குப் போய்விட்டு வர வேண்டும். முதுகைச் சாய்த்து, ரெண்டு காலும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை பார்க்க வேண்டும். எனக்கு இதில் எல்லாமே சுலபம், பேசாமல் இருப்பதைத் தவிர. ஒரு நாள் சோதித்தே பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு ஒரு தடவை, டீசல் விலையைப் பற்றி மகனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு தடவை. மேல் எண்ணில் 14 வித்தியாசம்! டீசல் விலை என் ரத்தக்குழாய் வரைக்கும் ஏறுகிறது என்பதற்கு ஆதாரமே என் போனில் இருக்கிறது.

இப்போது அந்த ஆப்பின் பெருமைக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இங்கே நான் நிறுத்த மாட்டேன்.

முதல் பெருமை, நேரம். மாத்திரைக்கு நான் கேட்கிற நேரத்தை வைத்துக்கொள்ளலாம். சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் என் 'காலை' எப்படிப்பட்டது என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "ராத்திரி சாப்பிட்டதும் போடுங்க, தெனமும் ஒரே நேரமா இருந்தாப் போதும்" என்றார். ராத்திரி எட்டு. அவ்வளவு காலம் என் வாழ்க்கைக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்ற மாத்திரை, ஒரே நாளில் உள்ளே வந்துவிட்டது.

ரெண்டாவது, அதற்குச் சிக்னல் வேண்டாம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே எங்களுக்கு டவர் அறுந்துபோகும். எப்போதாவது மச்சானின் விசைப்படகில் ஆள் குறைந்தால் நான் நாலைந்து நாள் தங்கலுக்குப் போவேன். சுற்றிலும் கும்மிருட்டு, எஞ்சின் சத்தம், ஒரு கோடு டவர்கூட இல்லை. எட்டு மணிக்கு 'டிங்'. ஆழ்கடலில் அது ஒலிக்கிறபோது வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். மாத்திரை அட்டையைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஜிபிஎஸ் பக்கத்தில் வைத்திருப்பேன். படகின் உயிர் அங்கே, என் உயிரும் அங்கே.

மூணாவதுதான் பெரிசு. குறிப்பு. எண்ணுக்குக் கீழே ரெண்டு வார்த்தை எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் பேசினாலே எழுத்தாக மாறுகிற வசதி இப்போது போன் விசைப்பலகையிலேயே தமிழில் வந்துவிட்டது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்த ஒன்பதாம் நாள் 'கால் வீக்கம்' என்று பதிந்தேன். அடுத்த தடவை டாக்டரம்மா போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் நின்றார். "இது மாத்திரையோட வேல. பயப்படாதீங்க, வேற மாத்தித் தர்றேன்." டெல்மிசார்டன் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. யோசித்துப் பாருங்கள். அதே வீக்கத்துக்காகத்தான் முன்னால் ஆறு மாதம் ஓடி ஒளிந்தேன். அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு எனக்காகப் போன் சொல்லிவிட்டது.

நாலாவது, அந்தக் கோடு. எண்களை எல்லாம் சேர்த்து ஏறி இறங்குகிற கோடாகப் போடும். முதல் தடவை பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது என்ன என்று. அலை! நவம்பரில் வாடைக் கடல் மாதிரி குமுறிக்கொண்டு கிடந்தது, பொங்கலுக்கு அடங்கி, மாசியில் தட்டுக்கடலாகப் படுத்துவிட்டது. 178ல் தொடங்கியவன் இப்போது 128, 130 என்று நிற்கிறேன். வீட்டில் பார்க்கிறபோது 135/85க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆஸ்பத்திரியில் 140/90. டாக்டரைப் பார்த்தாலே சிலருக்கு ஏறிவிடும் என்பதால் வீட்டுக்கு ஒரு அளவு, ஆஸ்பத்திரிக்கு ஒரு அளவு.

இதைக் கேட்கிற படித்தவர்கள் ஒன்று சொல்வார்கள். "உங்க ஊர்லயா? அங்க யாருங்க ஆப்பெல்லாம் பார்க்கப் போறாங்க?" எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எங்களுக்கா ஆப் தெரியாது? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃபிரண்ட்' ஆப் தமிழில் எங்கள் பிள்ளைகள் போனில் கிடக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் மையம் தருகிற தகவலை வைத்து அலை எத்தனை மீட்டர், காற்று எவ்வளவு வேகம், மீன் கூடுகிற இடம் எது என்று அது சொல்லும். அதைப் பார்க்காமல் போட்டைத் தள்ளுகிற பையன் இப்போது குறைவு.

அதற்கும் முன்னால் போங்கள். 1998ல் இதே நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள். கணினியையே பார்த்திராத மீனவர் கூட்டம் அதைக் காது கொடுத்துக் கேட்டது. 2004 டிசம்பர் 26ல், சுனாமி வந்த அன்று, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்ப் பிள்ளை ஒருவர் போன் செய்தார். அந்த ஒலிபெருக்கியில்தான் ஊரை ஓடச் சொன்னார்கள், ஊர் ஓடியது, பிழைத்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு அப்படி ஒரு குரல் இல்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் பேசுவதில்லை.

இதிலிருந்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் மறுப்பது கருவியை அல்ல. தெரிந்த ஆள் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் பாஷையில் இருக்க வேண்டும். அது சொல்வதைக் கேட்டு யாராவது ஏதாவது செய்ய வேண்டும். ஒலிபெருக்கி சொன்னால் போட் கரையில் நிற்கும். அதே மாதிரி என் ஆப் சொன்னால் டாக்டரம்மா மாத்திரையை மாற்றுகிறார். அதனால்தான் நான் அதை மதிக்கிறேன். மகள் மிஷினை மட்டும் அனுப்பியிருந்தால், அந்த நர்ஸ் என் கையை அளக்காமல் இருந்திருந்தால், இந்த ஆப் எப்போதோ அந்தக் கொடுவா மீன் ஆப்போடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும்.

இது என் வாய்ச்சவடால் இல்லை. வெறுமனே மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துகிற ஒரு ஆப்பை அமெரிக்காவில் 411 பேரிடம் மூணு மாதம் சோதித்து 2018ல் முடிவு வெளியிட்டார்கள். மாத்திரை போடுகிற பழக்கம் துளி கூடியதாம், பிரஷர் இறங்கவில்லையாம். இங்கிலாந்தில் 622 பேரோடு நடந்த இன்னொரு சோதனை 2021ல் வெளிவந்தது. அதில் நோயாளி வீட்டில் பார்த்து இணையம் வழியாகப் பதிந்தார், எண் தொடர்ந்து ஏறியிருந்தால் டாக்டருக்குத் தகவல் போனது, அவர் மாத்திரையைக் கூட்டினார். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களைவிட மேல் எண் 3.4 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. 3.4 தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மேல் எண் 5 இறங்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பெரிய ஆபத்துகள் பத்து சதவீதம் குறைகிறது என்று பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மணியடிப்பது மட்டும் போதாது. மணிச்சத்தம் கேட்டு ஒருவர் கதவைத் திறக்கவும் வேண்டும்.

நம் நாட்டிலும் கதவு திறக்கத் தொடங்கிவிட்டது. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 'சிம்பிள்' என்று ஒரு ஆப். இது நர்ஸ் கையில் இருக்கும். நோயாளியிடம் ஒரு கியூஆர் கோடு போட்ட அட்டை. ஸ்கேன் செய்தால் போன தடவை எண் என்ன, என்ன மாத்திரை, எப்போது வர வேண்டும் என்று வந்து நிற்கும். வராதவர்களின் பட்டியலையும் காட்டும், நர்ஸ் போன் போட்டுக் கூப்பிடுவார். 2022ல் ஐ.நா. விருது வாங்கிய திட்டம் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. நாகப்பட்டினத்து சம்பந்தி வீட்டில் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எங்களுக்கும் ஒரு பெருமை உண்டு. 14 இலக்க ஆபா சுகாதார எண்ணை 2020 ஆகஸ்டில் நாட்டிலேயே முதலில் சோதித்துப் பார்த்த ஆறு யூனியன் பிரதேசங்களில், எங்கள் காரைக்கால் சேர்ந்திருக்கிற புதுச்சேரியும் ஒன்று.

ஆனால் இந்தக் கதையில் என் வீட்டுக்காரியிடம் நான் தோற்றதையும் சொல்ல வேண்டும்.

நான் இப்படி ஆடிக்கொண்டிருந்த ஒரு நாள், "ஏம்புள்ள, நீயும் கைய நீட்டு" என்றேன். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். நான் 54 வயது வரைக்கும் சொன்ன அதே வசனம். கட்டிப் பார்த்தால் 164/96. முப்பது வருஷமாக மீன்கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவள். அவள் கையில் ஒருவரும் பட்டை கட்டியதே இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் ஆப்பில் அவளுக்கு ஒரு பக்கம் திறந்தேன். அவள் தொடவே மாட்டேன் என்றாள். "போனப் பார்த்தா எனக்குக் கண்ணு கூசுது. உன் போன்ல மீன் கவுச்சி வேற." சுவரில் தொங்குகிற தினசரி நாள்காட்டியில் பேனாவால் எழுதத் தொடங்கினாள். நாள்காட்டியில் ஒரு சிக்கல், தினமும் கிழிக்க வேண்டும். கிழித்த தாளை என்ன செய்வது? அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தாள். நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் அச்சடித்த தாளில், ஓரமாக 152/90. பின்பக்கத்தில் அன்றைக்குச் சமைத்தது.

அந்தப் பின்பக்கத்தில்தான் புதையல் இருந்தது. ஒரு மாதம் கழித்து மகள் அந்தத் தாள்களை எல்லாம் தரையில் பரப்பி என் ஆப்பில் ஏற்றினாள். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் என்று இருந்த வாரங்களில் எண் தலைதூக்கியே நின்றது. ஒரு நாள் எண்ணை வைத்து ஆட்டம் போடக் கூடாது, வாரக்கணக்கில்தான் பார்க்க வேண்டும் என்பார் டாக்டரம்மா. வாரக்கணக்கிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். கருவாடு போடுகிற ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். நாங்கள் வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டோம். அந்தக் கருவாட்டையும் வெந்நீரில் ரெண்டு தண்ணி ஊறவைத்து அலசி, குழம்புக்குத் தனி உப்புப் போடாமல் வைக்கிறாள். சத்தியமாக ருசி குறையவில்லை. முதல் ரெண்டு வாரம் குறைந்தது, அப்புறம் நாக்கு பழகிவிட்டது.

அவளையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். என் போனில் இருந்த கோட்டைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அவள் மடியிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் படித்தவர், "இதவிட நல்ல ரெக்கார்டு நான் பார்த்ததில்ல" என்றார். வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எல்லோரும் சரி என்று சொல்லிவிடவில்லை. என் சேக்காளி ஒருவன், விசைப்படகு டிரைவர். பிரஷர் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆப் வேண்டவே வேண்டாம் என்றான். "மச்சான், போன்ல ஏத்துனா அது எங்கெங்கயோ போவும். முதலாளி காதுக்குப் போச்சுன்னு வையி, பிரஷர்காரன நம்பி போட்டக் குடுப்பானா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் பயம் நியாயமானது. தனிநபர் தரவுக்கு 2023ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று மகள் சொன்னாள். சட்டம் வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. ஆப் கேட்கிற அனுமதியை எல்லாம் அவளும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிரஷர் எழுதுகிற ஆப்புக்கு என் போனில் இருக்கிற ஆட்கள் நம்பர் எதற்கு? 'வேண்டாம்' என்று அழுத்தினோம், அது பாட்டுக்கு வேலை செய்கிறது. அப்படி அழுத்தியும் வேலை செய்யாத ஆப்பாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கோடு படுத்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். படுத்ததே மாத்திரையால்தான். 180/120ஐத் தொட்டு, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால், அல்லது எண் எதுவாக இருந்தாலும் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு வாய் குழறினால், ஆப்பில் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த டிரைவர் சேக்காளியை நான் விட்டுவிடவில்லை. "நீ ஆப்பே வச்சுக்காத. வாரத்துல மூணு நாள் என் வீட்டுக்கு வா, டீ குடிக்கிற சாக்குல பார்த்துட்டுப் போ" என்றேன். டீ குடிப்பதற்கு முன்னால்தான் பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் இப்போது தெரியும். எண்ணைத் தாளில்கூட எழுத விடமாட்டான், மனசிலேயே வைத்துக்கொள்வான். டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் தவறாமல் போடுகிறான்.

போன வாரம் ஏலத் தளத்தில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஐஸ் உடைக்கிற சத்தம், கூறு போடுகிற சத்தம். எதிர்ப்பக்கம் அவன் முதலாளியோடு நின்றிருந்தான். அங்கிருந்தே கையைத் தூக்கிக் கத்தினான்:

"மச்சான், இன்னிக்கு அலை எவ்வளவு?"

"ஒண்ணு இருபத்தெட்டு மீட்டர். உனக்கு?"

"ஒண்ணு முப்பத்திநாலு!"

முதலாளி எங்களைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அன்றைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

"என்னடா உளர்றீங்க, ஒரு அடி அலைகூட இல்லையே" என்றார்.

"இல்ல மொதலாளி" என்றான் அவன், "ஆப்புல அப்படித்தான் போட்டிருக்கு."